ஹலினாவுக்கு அடித்த விசில்

விடுமுறைக்கு ஊருக்கு வந்த மூன்றாம் நாள் காலை, தட்டில் இரண்டு இட்லி மிச்சம் இருக்கும்போது என் மனைவி செல்வி சாம்பார்ப் பாத்திரத்தோடு வந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்று கேட்டாள். நான் "நோ" என்றேன். அவள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நானும் வரும் வரும் என்று பார்க்கிறேன், சாம்பார் வருகிற வழியாக இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா, துன்னாம குந்திக்கினு கீறீங்க?" என்றாள். "நீ சாம்பார் ஊத்தலியே." "நோன்னு சொன்னது யாரு, பக்கத்து வூட்டுக்காரனா?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறந்தது உத்திரமேரூர்ப் பக்கத்தில், வார்த்தை வந்ததோ போலந்திலிருந்து.

போலந்தில் "நோ" என்றால் ஆமாம். புத்தகத்தில் ஆமாமுக்கு "தாக்" என்றுதான் போட்டிருக்கும். ஆனால் வேலை செய்கிற இடத்தில் யாரும் புத்தகம் பேசுவதில்லை. நாம் "ம்", "ஆங்" என்று இழுக்கிறோமே, அந்த இடத்தில் அவர்களுக்கு "நோ". நான் அங்கே மரக்கதவு செய்யும் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், நான்கு வருடமாகிறது. போன புதிதில் "லாரி வந்திருச்சா?" என்று கேட்பேன், "நோ" என்பார்கள். சரி, வரட்டும் என்று காத்திருப்பேன். லாரிக்காரன் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருப்பான். இதையெல்லாம் போனில் சொன்னபோது செல்வி சிரித்தாள். நேரில் சாம்பார் விஷயத்தில் சிரிக்கவில்லை. "நீங்க இங்க வந்து மூணு நாளாச்சு, இன்னும் வந்து சேரல" என்றாள். என் ஊரில் இப்படித்தான், போகிற போக்கில் ஏதாவது சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவார்கள். நமக்குத்தான் அன்றைக்கு முழுக்க அது ஓடும்.

அவள் சொன்னது உண்மைதான். வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஏரிக்கரை வரை நடப்பேன், திரும்பி வருவேன். ஒரு வேலையும் இல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டீ குடிப்பேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்ப்பேன். "யாரு அந்த ஹலினா?" என்று செல்வி கேட்டாள், போனில் பெயரைப் பார்த்துவிட்டு. "கூட வேலை செய்றவங்க. அம்பத்தெட்டு வயசு." "நான் வயசயா கேட்டேன்?" பிறகு எல்லாவற்றையும் உட்கார்ந்து சொன்னேன். ஒரு பெண் ஆயுசுக்கும் ஏங்கி முதல்முறையாகத் தனியாகப் பாடினாள், அவளை ஒரே ஒரு சத்தத்தில் நான் மேடையை விட்டு இறக்கிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் குழு பக்கத்து நகரத்தில் பாடப் போகிறது. அவள் அந்தப் பாட்டைப் பாட மாட்டேன் என்று பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டாள். அதைத் திரும்பச் சேர்க்க வைக்க வேண்டும், அதற்கு என்னிடம் இருப்பது ஐந்து நாளும் ஒரு போனும்தான்.

இதுவும் "நோ"விலிருந்துதான் ஆரம்பித்தது. பானி ஹலினா, பானி என்றால் அம்மா, மேடம் என்கிற மாதிரி மரியாதைச் சொல், எங்கள் ஆலையில் முடிந்த கதவுகளில் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிறவர். என் பெயர் ஏழுமலை. எங்கள் ஊரிலேயே அது "ஏளுமல" ஆகிவிடும், போலந்தில் அதுவும் தேய்ந்து, ஆண்களுக்குப் போடுகிற பான் முன்னால் சேர்ந்து, "பான் ஏலு" ஆகிவிட்டது. நான் போன முதல் வருடம் ஒருநாள் காபி நேரத்தில் அவர் ஏதோ காகிதத்தைக் காட்டி, சனிக்கிழமை, பாட்டு, வருகிறீர்களா என்று கேட்டார். படத்தில் எட்டுப் பெண்கள் கோடு போட்ட பாவாடையும் சிவப்பு மணிமாலையுமாக நின்றார்கள். கிராமத்துப் பாட்டு. எனக்கு வேண்டாம் என்று பட்டது. "நோ, நோ" என்று கையை ஆட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தொப்ஷே!" என்றார். நல்லது என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை வந்து, உங்களுக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறோம் என்கிறார். பெயர் எழுதி வைத்த நாற்காலியை எப்படி வேண்டாம் என்பது? வேண்டாம் என்று சொன்னதற்குத்தானே அந்த நாற்காலியே வந்தது.

நான் எப்படிப்பட்ட பாட்டு ஆள் என்பதைச் சொன்னால்தான் என் கஷ்டம் புரியும். நான் ஆர்க்கெஸ்ட்ரா ஆள். ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழா என்றால் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் மேடை. கீபோர்டு, பேடு, டிரம்பெட், ஆணும் பெண்ணுமாக நாலு பாடகர்கள், அம்மன் பாட்டில் தொடங்கிக் குத்துப்பாட்டில் முடியும். சுற்றுவட்டாரத்தில் எங்கே கச்சேரி நடந்தாலும் நெல் அறுக்கிற மிஷினை நிறுத்திவிட்டுப் போய்விடுவேன். அங்கே நான் சும்மா கேட்கப் போகிறவன் இல்லை. எனக்கு ஒரு விசில் உண்டு. இரண்டு விரலை நாக்கை மடித்து வைத்து ஊதினால் ஏரிக்கரையில் அடித்தது கடைத்தெருவில் கேட்கும். விழாக் குழுவில் இருக்கும் என் கூட்டாளி தனசேகர், "டேய் ஏளுமல, நீ முன்னால வந்து நில்லுடா. பாடறவங்க பேஸ்தடிச்சா மாதிரி கீறாங்க, ஒண்ணு வுடு" என்பான். ஒன்று விடுவேன். பாடகர் நிமிர்வார், அடுத்த சரணத்தில் குரல் ஏறும். பாட்டு முடிந்து மேடையை விட்டு இறங்கப் போகிறவரை இன்னொரு விசில் திருப்பிக் கூட்டி வரும். ஒன்ஸ்மோர் என்று வாயால் கத்துவது சின்னப் பிள்ளைகள் வேலை. மற்றபடி கூத்து, நாதஸ்வரம் எதுவும் எனக்கு ஆகாது. பாரதக் கூத்து நடந்தால் கட்டியக்காரன் முதல் பாட்டுக்கு வாயைத் திறக்கும்போதே எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவேன்.

போலந்துக் கிராமத்தில் கச்சேரி நடப்பது தீயணைப்பு நிலையத்து மண்டபத்தில். ரெமீசா என்பார்கள். கல்யாணம், கூட்டம், பாட்டு எல்லாம் அங்கேதான். சிவப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே நாற்காலி போட்டு, கசகசாவை அரைத்து வைத்த கேக்கும் காபியும் கொடுத்து உட்கார வைப்பார்கள். எட்டுப் பேரும் வந்து நின்றார்கள். பக்கத்தில் ஒருவர் வயலின், ஒருவர் சின்னத் தப்பட்டை மாதிரி ஒன்று. மைக் இல்லை. வாயைத் திறந்ததும் நான் நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டேன். பாட்டா அது? அடுத்த வயலில் இருப்பவளைக் கூப்பிடுகிற மாதிரி அடித்தொண்டையிலிருந்து நேராக வருகிறது. குழைவு இல்லை, நடுக்கம் இல்லை. முடியும்போது முடிவதாகவும் தெரியாது, கதவைச் சாத்தின மாதிரி டப்பென்று நிற்கும். எழுந்து போகலாமென்றால் முதல் வரிசை. கூட்டத்தைப் பார்த்தேன். யாரும் அசையவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, பாடம் கேட்கிற பிள்ளைகள் மாதிரி இருக்கிறார்கள். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து கைதட்டுகிறார்கள், சொல்லி வைத்தமாதிரி நிறுத்துகிறார்கள். நம் ஊரில் கேட்பது என்றால் கூடவே இருப்பது. கத்துவது, ஆடுவது, நடுவில் எழுந்து போய்ச் சுண்டல் வாங்கி வருவது. அங்கே கேட்பது என்றால் நாம் அங்கே இல்லாத மாதிரி இருப்பது. இரண்டு மணி நேரம் இல்லாமல் இருந்ததில் உடம்பு வலித்தது.

மறுமாதமும் நாற்காலியில் பெயர் இருந்தது. அதற்கடுத்த மாதமும். "போங்கண்ணே, பாட்டுக்காரங்க காத்துக்கிட்டு இருப்பாக" என்று என் அறையில் கூடத் தங்கியிருக்கும் சிவகங்கைக்காரர் பாண்டி கிண்டல் செய்வார். எப்போது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. பிடித்துப்போய்க் கேட்கவில்லை, எழுந்து போக முடியாததால்தான் கேட்டேன். நாலாம் மாதம் ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட்டில் இரண்டு கதவுக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகும்போது என் வாயில் அந்தப் பாட்டுகளில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் காதைத் தேடி வருவதில்லை, நெஞ்செலும்பில் வந்து முட்டுகிறது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். கட்டியக்காரன். ஆயிரம் பேருக்கு மைக் இல்லாமல் கேட்க வேண்டும் என்று தொண்டையைத் திறந்துவிடுகிறானே, அதே திறப்பு. நான் எழுந்து வந்த கூத்துகளை எல்லாம் எண்ணிப் பார்த்தேன். கிட்டேயிருந்ததை விட்டுவிட்டு எங்கோ குளிரில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேனே என்று மனசு ஒருநிலையில் இல்லை.

ஒரு பாட்டு என்னை ரொம்பப் படுத்தியது. மெதுவாக ஏறி, உச்சத்தில் நின்று, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்து போகும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்று நினைத்துக் கண் கலங்கியிருக்கிறேன். ஹலினாவிடம் கேட்டேன். அவர் சொன்னதைப் போன் தமிழில் எழுதிக் காட்டியது: "என் வாத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் திருடிவிட்டான். எவ்வளவு கொழுத்த வாத்து!" நான் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்து, ஸ்டிக்கரை ஒரு கதவில் தலைகீழாக ஒட்டிவிட்டார். அன்றைக்குத்தான் தன் கதையைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பாட்டுக் குழுவில் நிற்க வைத்து, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது, மாடு கத்துகிற மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டாராம் வாத்தியார் அம்மா. அதிலிருந்து எந்தக் குழுவிலும் கடைசி ஆளாகத்தான் நிற்பாராம். இந்த வருடம் ஜூன் மாதக் கச்சேரியில் அந்த வாத்துப் பாட்டைத் தனியாகப் பாடச் சொல்லியிருக்கிறார்கள். சரியாக வந்தால் ஜூலைக் கடைசியில் நகரத்திலும் அவர்தான். "தூங்க முடியவில்லை, பான் ஏலு" என்று போன் எழுதியது. ஐம்பத்தெட்டு வயதில் ஒருவர் கதவைத் தடவிக்கொண்டே உதட்டை அசைத்துப் பாடிப் பார்ப்பதை அந்த மாதம் முழுக்கப் பார்த்தேன். சத்தமில்லாமல்தான், பழக்கம் அப்படி.

அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. ஹலினா ஓர் அடி முன்னால் வந்தார். கைகளைப் பாவாடையில் துடைத்தார். பிறகு வாயைத் திறந்தார். நான் என்ன சொல்ல, அந்த அம்மா பள்ளிக்கூடத்திலிருந்தே வெளியே விடாத சத்தம் அது. வாத்தாவது ஒன்றாவது. உச்சத்தில் நின்றபோது பின்னால் நின்ற ஏழு பேரும் மூச்சை நிறுத்திக்கொண்டு பார்த்தார்கள். டப்பென்று முடித்தார். அந்த நொடியில், ஒருவரும் கைதட்டுவதற்கு முன்னால், என் இரண்டு விரலும் வாய்க்குள் போய்விட்டன. நான் வைக்கவில்லை, அதுவாகப் போனது. தகர ஓடு போட்ட கூரை, கேட்க வேண்டுமா? அடித்து ஓய்ந்ததும் மண்டபம் அப்படியே உறைந்தது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. என் விசிலுக்கு மயங்கிவிட்டார்கள் என்றுதான் சத்தியமாக நினைத்தேன். ஹலினா என்னைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. தண்ணீர்க் குழாய் சுருட்டி வைத்திருக்கும் பக்கக் கதவு வழியாக விறுவிறுவென்று போனார். கூச்சப்படுகிறார், கூப்பிட வேண்டும் என்று பட்டது. ஒன்ஸ்மோர். இன்னொன்று அடித்தேன், முதலில் அடித்ததைவிட நீளமாக.

அறைக்கு வந்து பாண்டியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சப்பாத்தி தேய்ப்பதை நிறுத்திவிட்டார். "அண்ணே, அடிச்சது நீங்களா? இங்கிட்டு ஃபுட்பால்ல எதிர் டீம்காரன் பந்தத் தொட்டாத்தான் விசில் அடிப்பாக. விசிலுன்னா காறித் துப்புற மாதிரிண்ணே." அதற்கு ஒரு சொல்லே இருக்கிறது என்றார். விக்விஸ்தாச். விசிலடித்து மேடையிலிருந்து விரட்டுவது. "ஒண்ணுதான் அடிச்சீகளா?" "ரெண்டு." "வெளங்கிரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தேய்க்க ஆரம்பித்தார். திங்கட்கிழமை ஆலையில் என் மேசைக்கு யாரும் சாப்பிட வரவில்லை. ஹலினா அன்றைய லாரிப் பட்டியலை என் கையில் கொடுத்தார், முகம் பார்க்காமல். அவர் ஸ்டிக்கர் ஒட்டும்போது உதடு அசையவே இல்லை.

இரண்டு வாரம் யோசித்து, போனில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். "என் ஊரில் விசில் என்பது மிக நல்லது. நீங்கள் மிக நன்றாகப் பாடினீர்கள்." அவர் நிதானமாகப் படித்தார். "நோ" என்றார். அந்த நோ எந்த நோ என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு அவர் எழுதிக் காட்டினார்: "நீங்கள் மரியாதையான மனிதர். ஆனால் விசில் உங்களுக்குள் இருந்து வந்தது, நான் பார்த்தேன். இந்த வார்த்தைகளை நீங்கள் யோசித்து எழுதியிருக்கிறீர்கள். எது உண்மை என்று எனக்குத் தெரியும்." அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. விசில் உள்ளேயிருந்துதான் வந்தது. அதுதான் உண்மை என்பதையும் அவர் கண்டுபிடித்துவிட்டார். அர்த்தம் மட்டும் தலைகீழ், அவர் ஒட்டிய அந்த ஸ்டிக்கர் மாதிரி. அந்த வாரமே பட்டியலில் பெயரை அடித்துவிட்டாராம். எனக்கு விடுமுறை வந்தது, விமானம் ஏறினேன்.

இங்கே வந்து ஐந்தாம் நாள் எங்கள் ஊர்க் கூழ் ஊற்றும் திருவிழா. மத்தியானமே மேடை போட்டு, ரேடியோ செட்டுக்காரர் ஸ்பீக்கர் அடுக்கிவிட்டார். ஏழு மணிக்குக் கச்சேரி தொடங்கியது. நான் முன்னால் போய் நின்றேன், நின்ற இடத்தில் கை தானாக மடிந்துகொண்டது. பின்னால் இரண்டு பேர் நெல் ஈரப்பதத்தைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள், பாட்டு நடக்கும்போது பேசுகிறார்களே என்று எனக்கு எரிச்சல் வந்தது. யாருக்கு? எனக்கு! பாட்டுக்கு நடுவில் பத்துத் தரம் பீடி வாங்கப் போனவனுக்கு. "இன்னாடா, வெள்ளைக்காரன் மாதிரி கையக் கட்டிக்கினு நிக்கிற? ஒண்ணு வுடு" என்று தனசேகர் இடித்தான். "வரலடா" என்றேன். அந்த நேரத்தில் மதுராந்தகம் பக்கத்திலிருந்து வந்திருந்த கலைச்செல்வி என்கிற பாடகி, ஐம்பதை நெருங்கும் அம்மா, ஒரு பாட்டை இழுத்து நிறுத்தினார் பாருங்கள், நாலா பக்கமும் விசில் பறந்தது. சட்டென்று எனக்கு ஒரு யோசனை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? போனை எடுத்து, விசிலையும் கூட்டத்தையும் கலைச்செல்வி சிரித்துக்கொண்டே கும்பிடுவதையும் படம் பிடித்து ஹலினாவுக்கு அனுப்பினேன். அங்கே மாலை நாலு மணி இருக்கும், வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார்.

உடனே பதில் வந்தது, நான் அனுப்பிய எதற்கும் மூன்று நாளாக வராத பதில். போன் தமிழாக்கியதைப் படித்து நெற்றியில் அடித்துக்கொண்டேன். "பாவம் அந்தப் பெண். இத்தனை பேர் விரட்டுகிறார்கள், அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். என்னால் அது முடியவில்லை. அவளிடம் சொல்லுங்கள், அவள் தைரியசாலி."

தனசேகரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனேன். கலைச்செல்வி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பனங்கற்கண்டு போட்ட வெந்நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். "செல்ஃபியாண்ணா? சீக்கிரம் எடு, ரெண்டு பாட்டு தாண்டி என் பாட்டு" என்றார். விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார், பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. "நீ விசில் அடிச்சேன்னு ஒரு பொம்பள பாடறதயே வுட்டுட்டாளா?" "அவங்க ஊர்ல விசிலுன்னா போடி வெளியன்னு அர்த்தமாம்." "அடப்பாவி மனுசா. போன எடத்துல கம்முனு குந்திக்கினு கையத் தட்டிட்டு வரத் தெரியாதா உனக்கு? ரெண்டாவது எதுக்குய்யா அடிச்ச?" "ஒன்ஸ்மோர் கேட்டேன்மா." தனசேகர் பக்கவாட்டில் திரும்பிச் சிரித்தான். "நீ இன்னா சிரிக்கிற? நீதான் இவனப் பயக்கி வுட்டவன்" என்றார் அவனைப் பார்த்து. பிறகு டம்ளரைக் கீழே வைத்தார். "அவளுக்கு நான் இன்னா சொல்லணும்?"

"நீங்க தமிழ்ல பேசுங்க, போன் அவங்க பாஷையில மாத்திரும்." "போன் மாத்தித்தான் இந்த லட்சணத்துல கீது" என்று எழுந்தார். பாடகி, மேடை தெரிந்தவர், அவருக்குச் சட்டென்று தோன்றியது. "பேச்செல்லாம் வோணாம். நீ படம் புடி. தனசேகரு, நீ அந்தாண்ட நில்லு. நான் பாடி முடிப்பேன். மொதல்ல நீ கம்முனு இரு." இரண்டு வரி பாடி நிறுத்தினார். தனசேகர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கலைச்செல்வியின் முகம் விழுந்தது. உதட்டைப் பிதுக்கினார், முந்தானையால் கண்ணைத் துடைத்தார், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தே போய்விட்டார். திரும்பி வந்து, "இப்ப அடி." அதே இரண்டு வரி. தனசேகர் விசில் அடித்தான். அவர் அப்படியே பூரித்து, நெஞ்சில் கையை வைத்து, இன்னொன்று, இன்னொன்று என்று விரலால் கேட்டு, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து நின்றார். அவன் அடிக்க அடிக்க அவர் உயரமாகிக்கொண்டே போன மாதிரி இருந்தது. கடைசியில் போனுக்குக் கிட்டே வந்து, "யக்கா, இந்தாளு பைத்தியக்காரன். ஆனா நல்ல மனசுக்காரன். விசில் இல்லாங்காட்டி எங்களுக்கு ராவுக்குச் சோறு எறங்காது. நீ பாடுக்கா" என்றார். அனுப்பினேன்.

பத்து நிமிடம். மேடையில் பாட்டு மாறிவிட்டது. பார்த்துவிட்டார் என்பதற்கான இரண்டு நீலக் கோடு விழுந்தும் ஒன்றும் வரவில்லை. நான் ஸ்பீக்கருக்கும் வேலிக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். "குந்துய்யா, உன்னப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்றார் கலைச்செல்வி. அப்போது ஒரு குரல் பதிவு வந்தது. காதில் வைத்தால் டிரம்ஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆர்க்கெஸ்ட்ரா வேனில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினோம், மூன்று பேரும். வெளிச் சத்தம் பாதியாக அமுங்கியது. போனை சீட்டின் மேல் வைத்து அழுத்தினேன்.

வாத்துப் பாட்டு. வீட்டு அடுப்படியில் நின்று பாடுகிறார் போல, பின்னால் ஏதோ குழாய் சொட்டுகிறது. முதல் வரியில் குரல் தடுக்கியது. இரண்டாவது வரியில் நேராகிவிட்டது. கலைச்செல்வி முதலில் முகத்தைச் சுளித்தார். "இன்னாது, கூவுற மாதிரி கீது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சுதிப் பொட்டி கூட இல்லியா?" என்றார். உச்சத்துக்குப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூச்சு எங்கய்யா வாங்குறா? வாங்குன மாதிரியே தெரியலியே." "என்ன பாட்டும்மா தெரியுமா? வாத்து திருடு போயிடுச்சாம்." "போய்யா. வாத்துக்கா இந்த அய்கை?" பாட்டு டப்பென்று நின்றது. பதிவு நிற்கவில்லை. ஏதோ ஊதுகிற சத்தம். ஃபூ, ஃபூ என்று வெறும் காற்று. நான் போனை எடுத்துக் குலுக்கப் போனேன். "வுடு, வுடு" என்றார் கலைச்செல்வி. "விசில் அடிச்சுப் பாக்குறா." மூன்று முறை காற்று வந்தது. பிறகு ஒரு சிரிப்பு. கீழே ஒரு வரி எழுதியிருந்தார், போன் அதைத் தமிழாக்கியது: "ஞாயிற்றுக்கிழமை பாடுகிறேன். என் பெயரை மீண்டும் எழுதச் சொல்லிவிட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே இருப்பேன்? இங்கே. திரும்பிப் போவதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அந்த நகரத்து மண்டபத்தில், நான் கைகட்டி உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ உட்காருவார்கள். என் கையில் இருக்கப்போவது இந்தப் பதிவுதான். அதையும் வேன் கதவைச் சாத்திக்கொண்டால்தான் கேட்க முடிகிறது.

கலைச்செல்வியை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே இறங்கி ஓடினார், தனசேகர் அவருக்கு வழிவிலக்கிக்கொண்டு முன்னால் போனான். நான் வேனுக்கு வெளியே தனியாக நின்றேன். ஹலினாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். எழுதினால் யோசித்து எழுதியது என்பார். பதிவு செய்கிற பொத்தானை அழுத்திப் போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மறுகையின் இரண்டு விரலை மடித்து வைத்து, மார்பில் இருந்த காற்று முழுவதையும் விட்டு ஒன்று அடித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மேடையில் கலைச்செல்வி பாட்டின் முதல் வரியை அப்போதுதான் எடுத்திருந்தார். அது தனக்கு என்று நினைத்து, இருட்டில் நான் நின்ற திசையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கூட்டமும் திரும்பிப் பார்த்து, "ஏளுமல வந்துட்டாண்டா" என்று கத்தியது. நான் போனிலிருந்து கையை எடுத்தேன். அது போய்ச் சேர்ந்துவிட்டது.